பூசையில் வைத்த கடிதம்

செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். என் தாய்மாமன் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கண்டியில் அந்த வாசிகசாலைச் சுவரில் அவருடைய படம் இன்னமும் மாலையோடு தொங்குகிறதாம். கீழே ‘கல்விக்கு உழைத்த பெரியார்’ என்று எழுதியிருக்கிறதாம். போன மாதம் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு செமிக்கவில்லை. ஆகவே குறை சொல்லத்தான் போகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகள் அவை. எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் கண்டி றெயில்வே ஸ்டேசனில் கிளாக்கர் வேலை. உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்த குடும்பங்கள் சில சேர்ந்து, ஒரு புடவைக்கடையின் மேல்மாடியை எடுத்து வாசிகசாலை நடத்தின. இரண்டு அலுமாரிப் புத்தகம், நீளமாக ஒரு மேசை, பத்துப் பதினைந்து கதிரை, முந்தாநாள் பத்திரிகைகள். அதற்குக் காரியதரிசி என் மாமா.

வருஷம் முழுவதும் அங்கே ஏதாவது நடக்கும். தைப்பொங்கலுக்குப் பேச்சுப் போட்டி. சித்திரை வருஷப்பிறப்புக்கு நாடகம். பெரஹரா ஊர்வலம் தெருவால் போகும் நாட்களில் நிகழ்ச்சி ஒன்றும் கிடையாது. யன்னலோரத்துக் கதிரையில் யார் இருப்பது என்று சண்டை பிடிப்பதற்கே அங்கத்தவர்களுக்கு நேரம் போதாது. புரட்டாதியில் நவராத்திரி, ஒன்பது நாளும் பாட்டும் பிரசங்கமும். மார்கழியில் குளிரில் பல்லுக் கிட்டக் கிட்ட விடியற்காலைப் பஜனை. இப்படி ஒரு நிருவாகி இந்த ஊரில் பிறந்ததில்லை என்று எல்லோரும் மாமாவைப் புகழ்வார்கள். மாமாவும் மறுத்ததில்லை.

அத்தனையும் செய்தவள் என் அக்கா. சித்திரை நாடகத்தை எழுதியவள் அவள். நோட்டீசில் மாமாவின் பெயர் இருக்கும். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கியவள் அவள். பரிசு கொடுக்கும்போது மாமா பக்கத்தில் நிற்பார். ஆண்டறிக்கைகூட அவள் எழுதியதுதான். அதிலே ‘காரியதரிசியின் ஓயாத உழைப்பு’ என்று ஒரு வரியை அவளே எழுதவேண்டியிருந்தது. இத்தனைக்கும் பெண்களுக்கு அங்கே அங்கத்துவம் இல்லை. நவராத்திரிக்கு மட்டும் படியேறலாம். மற்ற நாட்களில் புத்தகங்கள்தான் சவர்க்காரப் பெட்டியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். அக்கா அவற்றுக்குக் கடதாசி உறை போட்டு, இலக்கம் எழுதி ஒட்டித் திருப்பி அனுப்புவாள். நானும் பெண்தான், ஆனால் சின்னப்பிள்ளை ஆகையால் எனக்கு மட்டும் எந்த நாளும் போய்வர உத்தரவு உண்டு.

அந்த வருஷம் அக்காவுக்குப் பத்தொன்பது வயது. சீனியர் சோதனை பாஸ் பண்ணியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பம் போட்டாள். அப்பா மூன்று நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். மாமாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. அடுத்த தையில் வாசிகசாலையின் ஆண்டுவிழாவுக்கு ஒரு பெரிய வெள்ளைக்காரத் துரை தலைமை தாங்க வருவதாக இருந்தது. அக்கா போய்விட்டால் நாடகம் எழுத ஆள் எங்கே, பாட்டுப் பழக்க ஆள் எங்கே, துரைக்கு வாசிக்க வரவேற்புப் பத்திரம் எங்கே? அதை அவர் வாயால் சொல்லவில்லை. “குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிறதோ?” என்று மட்டும் அம்மாவிடம் கவலைப்பட்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

எங்கள் ஒழுங்கைக்குள் தபாற்காரன் வருவதில்லை. எங்களைப் போன்றவர்களின் கடிதமெல்லாம் வாசிகசாலை விலாசத்துக்கு வரும். மாமா மேசை லாச்சியில் எடுத்து வைத்து, எங்களைக் கண்டநேரம் கொடுப்பார்.

நவராத்திரியின் ஏழாம் நாள். சரஸ்வதியின் மூன்று நாள் தொடங்குகிற அன்று பின்னேரம், கும்பத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து அலுமாரிப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கத்தில் அப்படிப் பூசைக்கு ஏற்றிய புத்தகத்தை விஜயதசமி வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது, வாசிக்கவும் கூடாது. மாமா மேசையில் இருந்து ஒரு கடிதம் வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்து, முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டுகிற கோந்துப் போத்தலை எடுத்து, உறையின் வாயில் பூசி, பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். ஊதிக் காயவைத்தார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

“இது உன்ரை அக்காவின்ரை கடிதம், பிள்ளை. அம்மனின்ரை காலடியிலை வைச்சு எடுத்துக் குடுத்தா எல்லாம் நல்லபடி நடக்கும். நீயே உன்ரை கையாலை வை.”

நான் வாங்கினேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

“விஜயதசமி வரைக்கும் அக்காவுக்கு மூச்சுக் காட்டாதை, என்ன?”

“ஓம் மாமா.”

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அக்காவுக்குக் கலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. நவமியன்றைக்குள் நேரே வந்து சேரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. கண்டியில் வண்டியேறினால் பேராதனைச் சந்தியிலும் பொல்காவலையிலும் மாறி மறுநாள் யாழ்ப்பாணம் போகலாம். அப்பாவுக்கு றெயில்வே பாஸ் உண்டு. இரண்டு நாள் தாராளமாக இருந்தது. மாமா அந்த இரண்டு நாளையும் என் கையில் தந்து, சரஸ்வதிக்கு முன்னால் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். நடுவிலே, எல்லாப் புத்தகத்துக்கும் மேலே, வடிவாக வைத்தேன்.

சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி வரங்கொடான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த நாட்களில் அக்கா எனக்குக் கிரீடம் போல ஒரு முடி செய்துகொண்டிருந்தாள். விஜயதசமியன்று நான் சரஸ்வதி வேஷம் கட்டி, அவள் எழுதிய பாட்டைப் பாடவேண்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாளில் முடி. சுரைக்குடுவையும் மூங்கில் தடியும் சேர்த்து வீணை. ஒட்டிக்கொண்டே கேட்பாள்: “லாச்சியிலை எனக்குக் கடிதம் ஏதும் கிடந்ததோ?” நான் ‘இல்லை’ என்பேன். லாச்சியில் இல்லைத்தானே! பெரிய பகிடி செய்வதாக எனக்குள் சிரிப்பு. நவமியன்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டாம் தரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் மேல்மாடி நிரம்பிவிட்டது. நான் அம்மாவின் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, முடியைப் பிடித்தபடி மூலையில் நின்றேன். முதலில் சின்னப்பிள்ளைகளுக்கு அரிசியில் முதலெழுத்து எழுதுவிக்கும் ஏடு தொடக்கல். அது முடிந்ததும் என் பாட்டு என்று ஏற்பாடு. ஐயர் கும்பத்துக்குத் தீபம் காட்டினார். மாமா தானே போய்க் கடிதத்தை எடுத்து, கண்ணில் ஒற்றி, குங்குமம் வைத்து, அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா அங்கேயே நின்று பிரித்து வாசித்தாள். சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது எப்ப வந்தது, மாமா?”

“சப்தமியண்டைக்குப் பிள்ளை. பூசையிலை ஏறிப்போச்சு. ஏறினதை இடையிலை இறக்கேலுமோ?”

எனக்குப் பொறுக்கவில்லை. “நான்தான் வைச்சனான் அக்கா! அம்மனின்ரை காலடியிலை நான்தான் வைச்சனான்!” என்று கத்தினேன்.

நேற்றோடு தவணை முடிந்துவிட்டது என்று சபைக்குள்ளே பரவியது. ஐயோ பாவம் என்றார்கள். ஆனால் பூசைக்கு வைத்ததை எடுத்தால் தெய்வக்குற்றமல்லவா, காரியதரிசி என்ன செய்வார் என்றும் சொன்னார்கள். ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன், ‘கடிதம் என்ன புத்தகமா, அதை ஏன் ஐயா பூசையில் வைத்தீர்?’ என்று கேட்கவில்லை. தினம் தினம் அந்த மேசையைச் சுற்றியிருந்து, இந்தியாவுக்கு எப்போது சுதந்திரம் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள்!

அதோடு விட்டாரா மாமா? ஏடு தொடக்கும்போது பிள்ளைகள் ஐயரைக் கண்டு அழுவார்கள் என்று, பக்கத்தில் இருந்து அவர்கள் விரலைப் பிடித்து எழுதுவிப்பது வழக்கமாக அக்காதான். அன்றைக்கும் அவளையே இருக்கச் சொன்னார். அவளும் போய் இருந்தாள். முதற்பிள்ளை மாமாவின் மகள், நாலு வயது, பட்டுப்பாவாடை. அக்கா அந்தச் சின்ன விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய பச்சையரிசியில் வைத்தாள். வைத்தவள் எழுதவில்லை. விரலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இவளுக்கு என்னத்துக்கு மாமா எழுத்து? கடிதம் வந்தா நீங்கள்தானே வாசிப்பியள்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. மாமி பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்க, தட்டுச் சரிந்து அரிசி பலகைத் தரையெல்லாம் கொட்டியது. பிள்ளை வீரிட்டது. “படிச்ச திமிர்! இதுக்குத்தான் பெட்டையளைப் படிப்பிக்கக் கூடாதெண்டிறது!” என்று மாமா கத்தினார். ஐயர் அபசகுனம் என்று எழும்பிவிட்டார். சனம் மளமளவென்று படியிறங்கியது. பாட்டுப் பாட நின்ற என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் பாடமாக்கிய பாட்டு! எனக்கு வந்த ஆத்திரத்தில் சுரைக்குடுவை வீணையை யன்னலால் எறிந்தேன். அத்தனை ஆத்திரமும் அக்கா மேலே.

பின்னேரம் அப்பா வேலையால் வந்தார். கோட்டுக் கழற்றுவதற்கு முன்னமே மாமா வந்து முறைப்பாடு வைத்தார். சபையில் தன் மானம் போய்விட்டதாம். அம்மா குசினி வாசலில் நின்றாள். அக்கா உறையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்து, வாய்ப்பக்கத்தைக் காட்டினாள். கோந்து விளிம்பு தாண்டி மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

“இது திறந்து ஒட்டினது அப்பா.”

“தபாற்கந்தோரிலை ஒட்டியிருப்பாங்கள்,” என்றார் மாமா. “நான் ஏன் ஒருத்தற்றை கடிதத்தைத் திறக்கிறன்?”

அப்பா மைத்துனரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர். அன்றைக்குப் பேசினார். “மச்சான், வாசிச்சுப்போட்டு வேணுமெண்டு வைச்சிருந்தால் அது வேறை கதை. நான் நாளைக்கே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வண்டியேறுவன். நடந்ததைச் சொல்லிக் காலிலை விழுந்தெண்டாலும் கேப்பன். இல்லையெண்டால் ஆரை நோகிறது?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீதானே வைச்சனி. மாமா தரேக்கை இது திறந்திருந்ததோ, ஒட்டியிருந்ததோ? உண்மையைச் சொல்லு.”

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வரவேண்டாம். மாமா வாசித்தது, மடித்தது, பூசியது, ஊதியது எல்லாம் எனக்குத் தெரியும். என் விரலில் பட்ட ஈரம்கூடத் தெரியும். மாமாவுக்குப் பயந்தும் நான் சொல்லவில்லை. என் பாட்டைக் கெடுத்தவளுக்கு வேணும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“ஒட்டித்தான் இருந்தது.”

அப்பா கொஞ்சநேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப அம்மனின்ரை சித்தம்,” என்று அதை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினார். மாமா என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை எரிகிறது.

அதற்குப் பிறகு அக்கா வாசிகசாலைக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. துரை வந்த ஆண்டுவிழாவில் மாமா தானே எழுதிய வரவேற்புப் பத்திரத்தை வாசித்தார். பாதியிலேயே துரை மணிக்கூட்டைப் பார்த்தார் என்று கேள்வி. கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டு என்ன? அடுத்த வருஷம் கலாசாலை விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. சபையில் வாய்காட்டிய பெண் என்ற பேரோடு அக்கா வீட்டில் இருந்தாள். பிறகு ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒருவருக்குக் கலியாணம் செய்து அனுப்பினார்கள். அவர் வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர அச்சடித்த கடதாசி கிடையாது.

அந்த விஜயதசமிக்கு மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டேன். அக்காதான் தலை இழுத்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னி முடித்து, றிபன் கட்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்:

“நேற்று உன்ரை பாட்டைக் கெடுத்துப்போட்டன், என்ன? பிழைதான். அக்காவோடை கோவியாதை.”

புத்தகங்களை எடுத்துக்கொண்டு வாவிக்கரையால் ஓடினேன். அக்கா தன் பிழையைத் தானே ஒத்துக்கொண்டாள் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.