அக்காவின் சின்ன வயிறு

அக்கா அமெரிக்காவில் நர்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர் லீவுக்கு அவள் வந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து எங்களை ஏற்றிவந்த காரின் பின்சீட்டில் அவளும் அம்மாவும் உட்கார்ந்ததும் எனக்கு இடமில்லாமல் போயிற்று. முன்சீட்டில் அப்பாவோடு நெருங்கிக்கொண்டு பாறசாலை வரை வந்தேன். இதைச் சொல்லி நான் அவளைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவளும் கூடச் சிரிப்பாள்.

ஆனால் அந்த லீவில் அவள் கால்கள் வீங்கியிருந்தன. அவளே என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு லேபுக்குப் போனாள். சோதனைக் குழாயில் மூத்திரத்தை ஊற்றிச் சூடாக்கினார்கள். முட்டை வெள்ளை வெந்ததுபோல் கலங்கிப்போனது.

“புரதம் ஒழுகுது ஏட்டி,” என்றாள் அக்கா. அப்போது அவள் சிரிக்கவில்லை.

நெய்யாற்றின்கரை டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: உடம்பு பெருத்தால் கிட்னிக்கு வடிகட்டுகிற வேலையும் கூடும், வருஷக்கணக்கில் அப்படியே போனால் அது களைத்துவிடும், எடையைக் குறைத்தே ஆகவேண்டும். மறுநாள் காலையிலேயே அக்கா நடக்கத் தொடங்கினாள். பக்கத்து ஊரான செங்கல் வரை நடை. திரும்பும் வழியில் சாயாவும் எண்ணெய் சொட்டும் இரண்டு பழம்பொரியும். நானும்தான் கூட இருந்து தின்றேன், மறைக்கவில்லை.

அவள் திரும்பிப்போய் ஒரு வருஷம் கழித்து கடிதம் வந்தது. வயிற்றைச் சின்னதாக்கும் ஆப்பரேஷன் செய்துகொண்டாளாம். எல்லாம் முடிந்தபிறகுதான் எழுதியிருந்தாள்.

“ஆண்டவரு தந்த வயிறாக்கும்! அதில கத்தி வைக்கலாமா?” என்று அம்மா அழுதாள்.

அப்பாவுக்கு வேறு கவலை. “மிச்ச வயிறை என்ன செய்தானுவ?”

“உள்ளேதான் உண்டாம். வேலையில்லாம சும்மா கெடக்குமாம்.” கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“என்னைப்போல,” என்றார். போன மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார்.

அடுத்த லீவில் விமானநிலையத்தில் அக்கா எதிரே வந்து நிற்கையில், அம்மா அவளைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அத்தனை மெலிந்திருந்தாள். வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் காத்திருந்தன. நாலு கரண்டி தின்றுவிட்டுக் கையைக் கழுவினாள். சர்ச்சுப் பெண்கள் வந்து, என்ன தீனமோ, என்ன நோயோ என்று அடுக்களையில் குசுகுசுத்து, கூடத்தில் ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள்.

அதே லேபில் மறுபடி பார்த்தோம். இந்தமுறை குழாய் கலங்கவே இல்லை. அக்கா அந்தச் சீட்டைப் பெரிய பரீட்சை பாஸானவள்போல் அம்மாவிடம் காட்டினாள்.

“மூத்திரம் தெளிஞ்சா போதுமா? மொகம் தெளியண்டாமா?” என்று அம்மா இன்னொரு கரண்டி கறியை வைத்தாள்.

பத்து நாள் கழிந்து, ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகையில், ஜீப்பில் அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு கூப்பாடு போட்டபடி சுருண்டுவிட்டாள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். ஸ்கேன் பார்த்துவிட்டு கிட்னியில் கல் என்றார் டாக்டர்.

“தினமும் எவ்வளவு வெள்ளம் குடிப்பீங்க?”

ஊருக்கெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லும் நர்ஸ் கூரையைப் பார்த்தாள்.

“வேறென்ன தின்பீங்க?”

நான் அவள் கைப்பையைத் திறந்து அண்டிப்பருப்புப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். காலிலிருந்து தலைவரை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு, அந்த முந்திரிப்பருப்பிலுள்ள ஒரு உப்பு குடலிலிருந்து எளிதாக ரத்தத்தில் ஏறிக் கிட்னியில் கல்லாகும், வெள்ளம் குறைந்தால் சொல்லவே வேண்டாம் என்றார் டாக்டர்.

ஊசி போட்டு வலி அடங்கியபிறகு கேட்டேன். “எல்லாம் தெரிஞ்சவளாச்சே, ஏன் குடிக்கல்ல?”

“இத்துனூண்டு வயிறு ஏட்டி. வெள்ளம் குடிச்சா அதுவே நிறைஞ்சுபோவும். அப்புறம் அம்மை வைக்கியத எங்க திங்க? நாலு கரண்டியாவது தின்னாத்தான் அவளுக்கு ஒறக்கம் வரும்.”

பிளாஸ்க்கோடு வாசலில் நின்ற அம்மாவுக்கு இது கேட்டுவிட்டது. உள்ளே வந்தாள். பிளாஸ்க்கில் இருந்த ஆட்டுக்கால் சூப்பை என்னிடம் நீட்டி, “நீ குடி மக்கா,” என்றாள். பிறகு ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் தட்டில் அம்மா கரண்டியை நீட்டவில்லை.

மூன்றாம் நாள் கல் தானாக வெளியே வந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அம்மா அதை வெளிச்சத்தில் உற்றுப்பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதுக்கா ஜீப்பில அந்தக் கூப்பாடு?”

பின்வந்த வருஷங்களில் அக்காவின் எடை கொஞ்சம் திரும்பி ஏறியது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கிட்னி மட்டும் பிறகு அவளை ஏமாற்றவில்லை. வருஷாவருஷம் சோதனை செய்து, நல்லபடியாக வந்ததென்று போனில் சொல்லுவாள். அண்டிப்பருப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாள்.