மகளைப் பற்றி ஏழு குறைகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தோல் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. மேஜையில் விரித்த தோலில் உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, பழைய சூட்டுத் தழும்பு எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, சாக்பீஸால் சுற்றி வட்டம் போடுவேன். கட்டிங்காரர் வட்டங்களை ஒதுக்கிவிட்டு மீதியில் அச்சு வைத்து வெட்டுவார். இந்த வேலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி, எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். கல்யாண வீட்டில் பிரியாணி வருவதற்கு முன்பே தட்டின் கீறல் தெரிந்துவிடும். என் மனைவி இதை வியாதி என்று சொல்வதில்லை. அவள் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

போன வருடம் கம்பெனி என்னை மூன்று வருடத்துக்கு வியட்நாம் போகச் சொன்னது. அங்கே எங்களுக்கு ஷூ தைத்துத் தரும் தொழிற்சாலையில் தோல் பார்க்க ஆள் வேண்டுமாம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். மனைவி குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள். ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திவிட்டுத்தான் மறு வேலை.

“பாப்பா ஸ்கூலுக்கு இன்னா பண்ணப் போறீங்க?” என்றாள்.

மகளுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. வியட்நாம் பாஷையில் அவள் பாடம் படிக்க முடியாது. கம்பெனி கொடுக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்கும் சர்வதேசப் பள்ளி ஒன்றுதான் இருந்தது. அதில் ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் காலி.

“சீட்டு கெடைச்சா மூணு பேரும் போலாம். கெடைக்கலன்னா நானும் பாப்பாவும் இங்கியே இருக்கோம். நீங்க போன்ல அப்பாவா இருந்துக்குங்க.”

சும்மா மிரட்டுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் திரும்பி வரும்போது மகளுக்குப் பதினான்கு வயது ஆகியிருக்கும். அந்த மூன்று வருடத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தீர்ப்பது என்னால் ஆகாது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து என் அப்பா பெயரைப் போட்டேன். அதிலிருந்து அந்தப் பள்ளியின் கடிதங்களெல்லாம், காலமாகி ஒன்பது வருடமான என் அப்பாவைப் பெயர் சொல்லி ‘அன்புள்ள ஐயா’ என்று விளித்தே வந்தன. தடுப்பூசி விவரம் கேட்டு அவருக்கு இரண்டு முறை நினைவூட்டலும் வந்தது.

அடுத்து, வகுப்பாசிரியரின் ரகசியக் கடிதம். ஆசிரியரே எழுதி, பெற்றோர் கண்ணில் படாமல் நேராக அனுப்ப வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மகளின் பள்ளியில் வகுப்பாசிரியையும் தலைமை ஆசிரியையும் ஒரே மேடம்தான். தாளைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“நீங்களே ஒண்ணு டைப் பண்ணி கொண்டாந்துடுங்க சார். சீல் வெச்சு அனுப்பிடறேன். நல்லா எழுதுங்க, கம்மியா எழுதிடாதீங்க.”

நம் ஊரில் நன்னடத்தைச் சான்றிதழ் முதற்கொண்டு எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. யாருக்கு வேண்டுமோ அவரே எழுதிக்கொண்டு போவார், கையெழுத்துப் போடுகிறவர் போடுவார். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. பணிவு, சுத்தம், தலைமைப் பண்பு, காய்கறி விருப்பம் என்று எழுதித் தள்ளினேன். மேடம் படித்துவிட்டு, “யோகாவும் சேத்துக்குங்க” என்றார். சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில் பெற்றோர் எழுத வேண்டிய பக்கம். ‘உங்கள் குழந்தையை எங்களுக்கு நேர்மையாக அறிமுகப்படுத்துங்கள்.’ நேர்மையாக என்ற ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம். சரக்கில் உள்ள குறையை வாங்குகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும். அவராகக் கண்டுபிடித்தால் கன்டெய்னர் முழுக்கத் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் போலவே வரிசை எண் போட்டு எழுதினேன்.

ஒன்று, நகம் கடிப்பாள். இடது கையில் ஜாஸ்தி, வலது கையில் கம்மி. இரண்டு, பேச்சு, இடைவெளி கிடையாது. மூன்று, கணக்கில் விடை சரியாக வரும், எப்படி வந்தது என்று காட்ட மாட்டாள். நான்கு, சின்னச் சின்னப் பொய். பல் தேய்ப்பது சம்பந்தமாக மட்டும். ஐந்து, தோற்றால் கேரம் போர்டு கவிழும். ஆறு, பீர்க்கங்காயைப் பென்சில் டப்பாவில் ஒளித்து வைப்பாள். ஏழு, பிடிவாதம், இது மூலப்பொருளிலேயே உள்ளது, தாய் வழி. கீழே ‘மற்றபடி முதல் தரம்’ என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் எழுந்திருக்கும்போது மனைவி என் கைப்பேசியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏழாவது வரியில் அவள் விரல் இருந்தது.

“பெத்த பொண்ணப் பத்தி யாராவது இப்டி எழுதுவாங்களா? பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட கூட இவ்ளோ சொல்ல மாட்டாங்க!”

“அவங்களா கண்டுபுடிச்சா கன்டெய்னர் திரும்பிடும்…”

“அது கன்டெய்னர் இல்லீங்க, கொழந்த!”

இரண்டு நாள் என் டிபன் பாக்ஸில் பீர்க்கங்காய் மட்டும் வந்தது. எனக்கும் அது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் பென்சில் டப்பாவும் இல்லை.

மூன்றாம் நாள், வீடியோவில் நேர்காணல் என்று என் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. அடுத்த புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு. இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே மாமனார் வீட்டு லுங்கி என்று மகளோடு உட்கார்ந்தேன். மனைவி கேமராவில் படாமல் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

திரையில் வந்த பள்ளிக்கூடத்து அம்மாள் மிகவும் மரியாதையானவர். முன்னால் இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டார். ஆசிரியை கடிதத்தில் வருகிற பெண்ணுக்குக் காய்கறி உயிர், நீங்கள் எழுதிய பெண் அதைப் பென்சில் டப்பாவில் ஒளிக்கிறாள். இரண்டும் ஒரே குழந்தைதானா?

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ ஆரம்பிப்பதற்குள் மகள் நல்ல இங்கிலீஷில் சொன்னாள்: “இரண்டையும் எழுதியது அப்பாதான்.”

இவள் பல் விஷயத்தைத் தவிர வேறு எதிலும் பொய் சொல்ல மாட்டாள் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரைக் குறை சொல்ல? அந்த அம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். சமையலறை வாசலில் மனைவி கரண்டியால் தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு, மூன்று வருடம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். அப்பா உன்னைப் பற்றி ஏழு குறை எழுதியிருக்கிறாரே, உனக்கு வருத்தமாக இல்லையா?

மகள் நகத்தைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தாள். போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் கம்பெனிக்கு வந்தபோது என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மோசமான தோல் வந்தால் அப்பா அதில் சாக்பீஸே வைக்க மாட்டார், ஒரு பார்வை பார்த்துக் கழிவுக் குவியலில் போட்டுவிடுவார். வைத்துக்கொள்ளப் போகிற தோலைத்தான் ரொம்ப நேரம் பார்ப்பார், அதற்குத்தான் வட்டம் போடுவார். “என் மேல் ஏழு வட்டம் போட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்!” என்றாள். பிறகு, “ஆனால் நான்காவது தப்பு. நான் தினமும் பல் தேய்க்கிறேன்” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை, நானும் இப்படி நினைத்ததில்லை. நான் கன்டெய்னர் திரும்பி வருமே என்ற பயத்தில் எழுதியதை அவள் வேறு விதமாகப் படித்திருந்தாள். திரையில் தெரியாதிருக்கக் குனிந்து லுங்கியில் கண்ணைத் துடைத்தேன். அப்போதுதான் அந்த அம்மாளுக்கு லுங்கி தெரிந்தது.

சனிக்கிழமை பதில் வந்தது. சீட்டு உண்டு, ஆனால் ஆசிரியை தானே எழுதி, தானே அனுப்பும் கடிதம் வந்த பிறகுதான். மேடத்திடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். “இன்னா சார், இப்டி மாட்டி வுட்டுட்டீங்களே” என்று கோபித்துக்கொண்டு, என்னை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் சீட்டு உறுதியாகிவிட்டது.

ஆம்பூர் கம்பெனியில் எனக்குக் கடைசி நாள். காலையில் நீல நிறக் கம்பெனிச் சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு போய்விட்டேன். மேஜையில் தோலை விரிக்கக் குனிந்தபோது கட்டிங்காரர் பின்னாலிருந்து கேட்டார்: “சார், முதுகுல இன்னா வட்டம் வட்டமா?”

கழற்றிப் பார்த்தேன். டீக் கறையைச் சுற்றி ஒரு வட்டம். தையல் விட்ட இடத்தில் ஒன்று. இப்படி சாக்பீஸால் எட்டு. கறையே இல்லாத இடத்திலும் ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு அது எதற்கு என்று கேட்டேன்.

“அது கொறட்டைக்குப்பா” என்றாள் மகள். “ஏழுதான் நான் போட்டது. அத அம்மா போட்டாங்க.”

சாக்பீஸ் அழியாமல் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அப்படியே தோல் பார்த்தேன்.