ஒழுங்கைக்குள் நாலு சில்லு

உரும்பிராயில் லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு மெசினின் பிடியைப் பிடித்து உழுத முதல் பெண் சிவக்கொழுந்துதான். கணவர் சீவரத்தினத்துக்குக் கொழும்பில் கந்தோர் உத்தியோகம். வருஷப்பிறப்புக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் தோட்டம் அவள் பொறுப்பு. கூலிக்கு உழுகிறவர்கள் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்து ஒரு போகம் பிந்திப்போனதோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ரெண்டே சில்லில் உருளும் அந்த மெசினை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பின்னால் நடக்கத் தொடங்கினாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தவர்களே பிறகு, தங்கள் தோட்டத் தறையையும் உழுது தரச் சொல்லி வாசல் படலையில் வந்து நின்றார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு பங்குனியில் யாழ்ப்பாணத்துக்குப் போன பஸ்ஸில் இருந்தபடி அவள் அதைக் கண்டாள். ஒரு கடை வாசலில் நீல நிறத்தில், ஆசனத்தோடு, சின்னதாய் ஒரு நாலு சில்லு உழவு மெசின். போன காரியத்தை மறந்து அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி ஓடினாள். கடைக்காரர் ஏறிப் பார்க்கச் சொன்னதும் ஏறி இருந்தாள். சுக்கானை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து நித்திரையிலும் அதே நினைவு. இருந்தபடியே உழலாம். பெரிய பெட்டியைக் கொழுவினால் வெங்காயத்தை ஒரே நடையில் சந்தைக்குக் கொண்டுபோகலாம். எல்லாவற்றிலும் மேலாக, கைதடியில் சீதனமாய் வந்த வயலை வேறு யாரையும் கெஞ்சாமல் தானே உழலாம். ஆனால் தோட்டத் தறைகள் சின்னன், இது திரும்புமா? அதற்கு முதல், வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் வீட்டு ஒழுங்கைக்குள் நுழையுமா?

சித்திரை லீவில் வந்த சீவரத்தினமும் அதைத்தான் கேட்டார். உள்ளது போதாதா என்றார். கேட்டுக்கொண்டே சோறு போட்டவள், ஓட்டிப் பார்க்கிறதற்காக மெசினை நாளைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன் என்று மெல்லச் சொன்னாள்.

கடைக்காரருடைய சாரதி யாகோப்பு காலையிலேயே மெசினோடு வந்துவிட்டான். சத்தம் கேட்டு அயல் முழுவதும் ஒழுங்கைக்கு வந்தது. முன் சில்லு நுழைந்தது, பின் சில்லும் நுழைந்தது. சிவக்கொழுந்து பக்கத்திலேயே ஓடினாள். ஒழுங்கை திரும்பும் முடக்கில்தான் வந்தது வினை. ஒரு பக்கம் சிவக்கொழுந்து வீட்டு வேலி, மறுபக்கம் ஆழ்வாப்பிள்ளையின் வேலி. பின் சில்லுக்கு மேலிருந்த மட்காட் வேலிக் கிளுவைக்குள் சொருகி, மெசின் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் நின்றது.

சனம் ஆழ்வாப்பிள்ளையின் வளவைத் திரும்பிப் பார்த்தது. அந்த முடக்கின் எல்லை பற்றி சீவரத்தினத்தின் தகப்பனும் ஆழ்வாப்பிள்ளையும் கோட்டுக்குப் போய் வழக்காடினவர்கள். தகப்பன் செத்த வீட்டுக்கும் ஆழ்வாப்பிள்ளை வரவில்லை. இப்போது அவர் தன் வளவுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவக்கொழுந்து வீட்டுக்குள் ஓடிக் கத்தியோடு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, எங்கடை வேலியை உள்ளுக்குத் தள்ளி அடைப்பம்.”

சீவரத்தினத்தின் முகம் வெளுத்தது. “நீர் என்ன கதைக்கிறீர்? அப்பு வழக்காடின வேலியப்பா இது.”

“மாமா இருந்திருந்தால் இந்த மெசினிலை முதல் ஆளாய் ஏறியிருப்பார்,” என்றவள் வேலிக் கட்டுகளை வெட்டி, நட்டிருந்த கதியால் தடியைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள். ஒன்று, இன்னொன்று. செம்பாட்டு மண் காலெல்லாம் தெறித்தது. சீவரத்தினம் போட்டிருந்த சேட்டைக் கழற்றிப் படலையில் போட்டுவிட்டு அடுத்த கதியாலில் கைவைத்தார்.

அப்போது மறுபக்கத்திலும் கட்டு வெட்டுகிற சத்தம் கேட்டது. ஆழ்வாப்பிள்ளை தன் வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் மட்டும் விட்டுக் குடுத்தனீங்கள் எண்டு ஊர் கதைக்க நான் விடமாட்டன்,” என்றார், நிமிராமலே. பிறகு, “பிள்ளை, உது என்ரை தறைக்குள்ளை திரும்புமே?” என்று கேட்டார்.

“ஓம் அம்மான். உங்கடை தறையிலையே திருப்பிப் பாப்பம்,” என்றாள் சிவக்கொழுந்து.

வேலி விலக, மெசின் உறுமிக்கொண்டு முடக்கைக் கடந்தது. யாகோப்பு இறங்கி இடம்விட, அவள் ஏறினாள். புகையிலை வெட்டி வெறுமையாய்க் கிடந்த ஆழ்வாப்பிள்ளையின் தறையில் கலப்பையை இறக்கினாள். மண் சிவக்கச் சிவக்கப் புரண்டது. வரம்பு நெருங்க நெருங்க எல்லோரும் கிட்ட ஓடிவந்தார்கள். கலப்பையைத் தூக்கி, ஒரு பக்கத்துச் சில்லின் பிறேக்கை மட்டும் அழுத்தி, யாகோப்பு சொல்லிக் கொடுத்தபடி சுக்கானை முழுக்க ஒடித்துத் திருப்பினாள். வாய்க்கால் கரையில் ஒரு சாண் மண்ணை இடித்துக்கொண்டு மெசின் திரும்பியது. சீவரத்தினம் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

“இதை வாங்குவம்,” என்றார் அவளிடம். அவள் அதை எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள்.

ஆவணி கழிந்து முதல் மழை விழுந்த கையோடு அவள் கைதடி வயலுக்குப் புறப்பட்டாள். பெட்டியில் விதை நெல், மட்காட்டில் ஆழ்வாப்பிள்ளை; அவருக்கும் அந்தப் பக்கம் ஒரு துண்டு வயல் இருந்தது. கோப்பாய் வெளியில் இரண்டு பக்கமும் கடலேரித் தண்ணீர் பளபளக்க, றோட்டு வெறுமையாய் நேரே கிடந்தது. காற்று சேலைத் தலைப்பை இழுத்தது. ஆழ்வாப்பிள்ளை சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெல்லப் போ பிள்ளை என்று கத்தினார். சிவக்கொழுந்து வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.