பக்கத்து வீட்டுக் கணினிக்கு வாங்கிய மெமரி

மலாக்காவில், காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மலாக்கா செட்டித் தம்பதி இருந்தார்கள். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். நாங்கள் கும்பிடும் சாமியைத்தான் அவர்களும் கும்பிட்டார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். நானும் மலாயில்தான் பேசுவேன். அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவேன்.

அங்கிள் நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா சமயத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே வேலையில் இருந்தவர். விசைகளைப் பார்க்காமலே பத்து விரலாலும் அடிப்பாராம். வயதான பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் குழறியது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. சொல்ல வந்தது மட்டும் வெளியே வரவில்லை. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் வெறும் கிறுக்கல்தான் விழும். அவரே அதைத் தூக்கி எறிந்துவிடுவார்.

ஆஸ்திரேலியாவில் இருந்த மகள் வந்தபோது, வீட்டில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து, புது மென்பொருளெல்லாம் ஏற்றி, அப்பா ஒரு விரலால் அடிக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாள். நல்ல யோசனைதான். ஆனால் அவ்வளவு சுமையை அந்தக் கணினியால் தாங்க முடியவில்லை. ஓர் எழுத்தை அழுத்தினால் உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும்; திரையில் ஒன்றும் வராது. அழுந்தவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார். பிறகு நான்கு எழுத்து ஒன்றாக வந்து விழும். ஒருநாள் கோபத்தில் விசைப்பலகையைக் கீழே தள்ளிவிட்டார். ஆன்ட்டி கணினிமேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார்.

துணி காயப்போட்டுக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டி இதைச் சொன்னபோது, எனக்கு எங்கள் அலுவலகக் கணினி நினைவுக்கு வந்தது. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் நான் கிளார்க். என் கணினியும் இப்படித்தான் திணறிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் உள்ளே மெமரி அட்டை ஒன்றைக் கூட்டிப் போட்டதும் சரியாகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவை பார்த்த தைரியத்தில், "நான் போட்டுத் தரேன், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன்.

டவுனில் பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்குப் போய் ஒரு மெமரி வாங்கி வந்தேன். அது பொருந்தவே இல்லை. கணினிக்குள் அதை மாட்டும் பலகையின் இடுக்கில் இரண்டு இடத்தில் மேடு. நான் வாங்கியதில் ஒரே ஒரு பள்ளம். மறுநாள் திரும்பப் போனேன்.

"உள்ள இருக்கறதக் கழட்டிக் கொண்டாந்து காட்டணும்ல? பழைய மெஷின்னு மட்டும் சொன்னா எப்படிம்மா?" என்றார் கடைக்காரர்.

கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ரகம் புதுசு கிடைக்கிறது கஷ்டம் லா. கிடைச்சாலும் விலை கூட. ஆபீஸ்ல கழிச்ச மெஷின்லேர்ந்து எடுத்தது இருக்கு, மலிவாத் தரேன். யாருக்கு இது?"

சொன்னேன். இன்னொன்றையும் எடுத்து உறையில் போட்டார். "ரெண்டையும் போட்டுப் பாருங்க. எது ஏறலையோ, அதத் திருப்பிக் கொடுத்துருங்க."

சனிக்கிழமை காலையில் கணினியைப் பிரித்தேன். அங்கிள் சக்கர நாற்காலியில் மிக அருகில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் வைத்து அழுத்தி, கொக்கிகள் மாட்டியதும் மின்விசையைப் போட்டேன். திரை கறுப்பாகவே நின்றது. உள்ளேயிருந்து விட்டு விட்டுப் பீப் சத்தம்.

"இப்போ அடியோட போச்சா?" என்று கேட்டார் ஆன்ட்டி.

மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டேனே என்று அங்கிளின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்போதுதான், அந்த டெக்னீஷியன் மெமரியின் மஞ்சள் ஓரத்தை எதையோ கொண்டு தேய்த்தது ஞாபகம் வந்தது. ஆன்ட்டியிடம் பென்சில் ரப்பர் கேட்டு வாங்கி, இரண்டையும் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை ஒரே ஒரு பீப். திரையில் மெமரியின் அளவைக் காட்டும் எண்கள் ஓடின. பழைய கணக்கைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தன.

அங்கிள் விரலை நீட்டி ஓர் எழுத்தை அழுத்தினார். உடனே வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. அதற்குப் பிறகு எங்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மலாயில் ஒரு வரி அடித்து முடிக்க நெடுநேரம் ஆனது. ஆன்ட்டி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"காலையில் என்னைச் சன்னல் பக்கம் தள்ளாதே. வெயில் கண்ணில் அடிக்கிறது."

எட்டு மாதமாகத் தினமும் அவரைச் சன்னலோரம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார் ஆன்ட்டி. அங்கிள் சத்தம் போட்டுக் கையை ஆட்டும்போதெல்லாம், தெருவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவாராம். ஆன்ட்டி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். அங்கிள் இடது கையால் அவர் தலையை மெல்லத் தட்டினார். நான் திருகாணிகளைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

மகளுக்கு நான்கு வரி எழுத அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. அதை ஃப்ளாப்பி வட்டில் ஏற்றி எங்கள் வீட்டு இணையத்திலிருந்து அனுப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மகள்தான். ஆன்ட்டி அதை அங்கிளின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு அங்கிள் மூன்று வருடம் இருந்தார். மீன்குழம்பில் புளி போதாது, நாற்காலிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடு என்று எழுதிக்கொண்டே இருப்பார். "இத்தனை நாள் நான் சொல்வதுதான் சட்டம்" என்பார் ஆன்ட்டி வேலியோரம் நின்று. "இப்போ எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு."

சொல்லிவிட்டு, அங்கிள் அடுத்து என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க உள்ளே போய்விடுவார்.