விட்டுப்போன ஓர் எட்டு

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் பிழைத்துக் கிடந்தது. நடனக்காரர்கள் வட்டாரத்தில் அவள் எட்டக்காதான். "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று அவள் கைதட்டினால் கடிகாரமே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பார்கள். மிகைதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் "போங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் இனித்துக்கொள்வாள். புகழ் யாருக்குத்தான் கசக்கும்?

பதினெட்டு வருஷம் ஒரு பெரிய நடனக் குழுவில் பின்வரிசையில் ஆடியவள். பின்வரிசைக்காரிக்கு முகம் கிடையாது, கால் மட்டும்தான். முன்னால் ஆடுகிற நட்சத்திரம் தாளம் தப்பினால் 'பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க' என்பார்கள். பின்வரிசை தப்பினால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். அந்தப் பயத்தில்தான் எண்ணிக்கை அவள் ரத்தத்தில் ஊறியது. முப்பத்தெட்டாவது வயதில் இடது முட்டி கைவிட்டது. அதன் பிறகு ஒரு நடன மன்றம் தன் பயிற்சிக்கூடத்தின் சாவியை அவள் கையில் கொடுத்தது.

கூடம் ஒரு டயர் கடைக்கு மேல் இருந்தது. மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் பாட்டுப் போடும் மேஜை. கீழே லாரி டயருக்குக் காற்றடித்தால் மேலே தரை அதிரும். இளம் குழுக்கள் இரண்டு மூன்றுக்கு ஒரு வருஷம் கூடம் இலவசம், வருஷ நடுவில் மேடையும் உண்டு என்பது மன்றத்தின் ஏற்பாடு. காகிதத்தில் அவ்வளவுதான். எட்டக்கா செய்தது அதைவிட அதிகம். விண்ணப்பம் எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுப்பாள். 'ஆட்டம் சோறு போடுமா' என்று முறைக்கும் அப்பாக்களிடம் போனில் மல்லுக்கு நிற்பாள். கணுக்கால் வீங்கினவளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, உடம்பைச் சூடுபடுத்தாமல் ஒத்திகையில் இறங்கியதற்காகத் திட்டித் தீர்ப்பாள். வாய் வேப்பங்காய், கை மட்டும் தேன்.

அந்த வருஷம் வந்த குழுக்களில் ஒன்றில் மூன்றே பேர். தலைவி சுருட்டை. தலை நிறைய சுருள், அதைவிட நிறைய பிடிவாதம். இரண்டாமவள் அவள் சித்தி மகள் நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் நுழைந்த நாள் குறைவு. மூன்றாமவன் பஞ்சு. தூக்கினால் தூக்கியது தெரியாது, அதனால் அந்தப் பெயர். மூன்று பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டு, ஒரே தண்ணீர் பாட்டிலுக்கு அடித்துக்கொண்டு, ஒரு நடனத்தை ஐந்து மாதமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதன் உயிர் நடுவில் இருந்தது. பாட்டு சட்டென்று நின்றுவிடும். சத்தமே இல்லாமல் நெட்டை நடக்க, அவள் நடையைப் பிடித்துக்கொண்டு மற்ற இருவரும் ஆடுவார்கள். கடைசியில் பஞ்சு ஓடிவந்து நெட்டையின் தோளில் ஏறி நிற்பான். அவன் நின்றதும் மேஜையில் எட்டக்கா பொத்தானை அழுத்த, மேளம் வெடிக்கும். எப்போது வெடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: பதினாறு எட்டு. அதாவது எட்டு எட்டாகப் பதினாறு முறை எண்ண வேண்டும். "பஞ்சு ஏறினதும் நான் கையைத் தூக்குறேன்க்கா, அதைப் பார்த்துப் போடுங்க" என்றாள் சுருட்டை. எட்டக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கையைப் பார்த்துப் போடுறதுக்கு நான் எதுக்கு? பதினாறு எட்டுன்னா பதினாறு எட்டுதான். நீங்க எண்ணி ஆடுங்க, நான் எண்ணிப் போடுறேன்."

ஒத்திகையில் நாற்பது தடவை செய்து பார்த்தார்கள். நாற்பது தடவையும் நூல் பிடித்த மாதிரி வந்தது.

மேடை நாள் வந்தது. ஆறு ஊர்களுக்கு ஒரு குழுவை அனுப்பத் தேர்வு செய்கிறவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அது கிடைத்தால் மூவருக்கும் ஆட்டமே பிழைப்பாகிவிடும். கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான். மன்றத்தின் தலைவர், ஓய்வுபெற்ற கண் டாக்டர், எட்டக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு நின்றது. நெட்டை நடந்தாள். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. பன்னிரண்டாவது எட்டோ என்னவோ, டாக்டர் குனிந்து காதருகே கிசுகிசுத்தார்.

"அந்த உயரமான பொண்ணு பிரமாதம்மா. யார் பழக்கினது?"

பேசாமல் இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். எட்டக்கா திரும்பி, பல் தெரியச் சிரித்து, "நம்ம பொண்ணுதான் சார்" என்றாள். மூன்றே சொல்தான். திரும்பி எண்ணிக்கையைத் தேடினால் அது விட்ட இடத்தில் இல்லை. பன்னிரண்டா, பதிமூன்றா? மேடையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டக்கா பார்க்கவில்லை, பதிமூன்று என்று வைத்துக்கொண்டாள். பதினாறு முடிந்ததும் பொத்தானை அழுத்தினாள்.

அழுத்திய விரலுக்கே தெரிந்துவிட்டது. மேளம் வெடித்தபோது பஞ்சு பாதி ஓட்டத்தில் தாவிக்கொண்டிருந்தான். ஆடுகிறவளின் உடம்பு பாட்டுக்கு அடிமை. மேளம் கேட்டதும் நெட்டையின் கால் தன்னையறியாமல் அடுத்த அடவுக்கு நகர்ந்துவிட்டது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. பஞ்சு பக்கவாட்டில் தரையில் விழுந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. அடி பெரிதில்லை. எழுந்து ஆடி முடித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆடியது மூன்று பயந்த பிள்ளைகள்.

தேர்வுக்காரர்கள் கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "என்னம்மா ஆச்சு?"

மூவரும் வேர்வையோடு அங்கேயே நின்றார்கள். எட்டக்காவின் வாய் திறந்தது. "கொஞ்சம் மெதுவாப் போயிட்டாங்க சார். சின்னப் பிள்ளைங்கதானே."

அவள் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே இதுதான் சிறியது, இதுதான் கேடுகெட்டது. சொல்லும்போதே காது மடல் சுட்டது. யாராவது மறுத்துப் பேசுவார்கள், மாட்டிக்கொள்வோம், நல்லது என்று ஒரு கணம் காத்துக்கூட இருந்தாள். ஒருவரும் மறுக்கவில்லை. பஞ்சுவின் அண்ணன் போனில் வீடியோ எடுத்திருந்தான். அதைப் போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. எட்டக்கா சொன்ன பிறகு எண்ணிப் பார்ப்பதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். ஆடத் தெரிந்த இந்தப் பிள்ளைகளோ கூடமே கோணலாக இருந்தாலும் தங்கள் காலைத்தான் குற்றம் சொல்லும்.

நடையை வைத்தவள் நெட்டை. அதனால் மெதுவாகப் போனவளும் நெட்டைதான் என்று ஆயிற்று. அவளே அதை நம்பினாள். மறுநாள் கண் வீங்கிப் போய் வந்து நின்றாள். "எனக்குச் சரியா இருந்த மாதிரிதான்க்கா இருந்துச்சு. எங்க இழுத்தேன்னே தெரியல."

அப்போது சொல்லியிருக்கலாம். எட்டக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லா எண்ணிப் பழகும்மா." இதைவிடக் கேவலம் வேறு உண்டா என்றால், உண்டு. அது அடுத்த வாரம் நடந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, அந்தக் குறுகுறுப்பில் எட்டக்கா அவர்களுக்கு அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தாள். மற்ற குழுக்கள் முணுமுணுக்க முணுமுணுக்கக் காலை நேரத்தை இவர்களுக்கே ஒதுக்கினாள். தானே எதிரில் நின்று எண்ணிக்கைப் பயிற்சி கொடுத்தாள். நடந்தால் எண்ணு, நின்றால் எண்ணு, திரும்பினால் எண்ணு. நெட்டையின் உதடு ஆட்டத்தின் நடுவே முணுமுணுக்கத் தொடங்கியது. பார்க்கிறவர்களை மூச்சடக்க வைத்த அந்த நடை, ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு நடக்கிற நடையாகிவிட்டது. எட்டக்கா தன் கையால் அதைக் கொன்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளோ போகும்போது "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது மாதம் நெட்டை வரவில்லை. அக்கா தங்கை இருவருக்குள்ளும் வாய் முற்றிவிட்டது என்றான் பஞ்சு. இருவரின் அம்மாக்களும்கூடப் பேசிக்கொள்வதில்லையாம். நெட்டை ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

இனியும் தாங்காது, இன்று சொல்லியே தீருவது என்று எட்டக்கா ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனாள். நெட்டை அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் மண்டியிட்டு அவள் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முட்டி எப்படிக்கா இருக்கு? இந்தக் குதிகால் உங்களுக்கு ஆகாது. இருங்க, மெத்து மெத்துனு ஒண்ணு இருக்கு."

"ஆட்டம் பக்கம் வரதே இல்லையா?"

"எனக்கு வராதுக்கா. நீங்க எவ்வளவோ சொல்லிக் கொடுத்தீங்க. இப்பவும் படி ஏறும்போது எண்ணிக்கிட்டேதான் ஏறுறேன். எதுக்குன்னுதான் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

 எட்டக்கா சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மெத்து மெத்தென்ற செருப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தன் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் மண்டியிட்டிருந்த கோலம் கண்ணைவிட்டு அகலவில்லை. அந்தச் செருப்பை அவளால் போடவும் முடியவில்லை.

பஸ் ஓட்டுகிற புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் டப்பாவைப் பார்த்தார். "போன மாசம்தானே செருப்பு வாங்கினே?" அவ்வளவுதான், எட்டக்கா உடைந்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பல்லு சொத்தைன்னா பிடுங்கணும். நீ கன்னத்தைத் தடவிக்கிட்டு இருக்கே."

"எப்படிங்க சொல்றது? பேரே எட்டக்கா."

"அந்தப் பேரு இல்லாமதானே உன்னைக் கட்டிக்கிட்டேன்?" என்று அவர் கை கழுவ எழுந்தார்.

வருஷக் கடைசியில் இளம் குழுக்களுக்கான கூட்டம் கூடத்தில் நடந்தது. பிள்ளைகளும் வீட்டாருமாக நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசினார். சுருட்டை எழுந்தாள். "எங்க தப்பால நல்ல வாய்ப்பு ஒண்ணு கைவிட்டுப் போச்சு. ஆனா எட்டக்கா எங்களைக் கைவிடல. எங்க தப்பை ஒரு தடவைகூடக் குத்திக் காட்டல" என்றாள்.

எட்டக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தப்பு உங்களுது இல்லம்மா. அன்னைக்குப் பதினாறு எட்டு ஆகல. பதினஞ்சுதான் ஆச்சு. நான் பேச்சு கொடுத்து எண்ணிக்கையை விட்டுட்டேன். முந்திப் போட்டேன். தெரிஞ்சேதான் உங்க மேல பழியைப் போட்டேன். நெட்டை ஒரு மயிரிழைகூட இழுக்கல."

 கீழே ஒரு டயருக்குக் காற்றடித்தார்கள். டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

"அட, யானைக்கும் அடி சறுக்கும்மா! இதுக்குப் போய் இவ்வளவா? சபையில ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது பெரிய மனசு" என்று கைதட்டினார். யாரோ கூடத் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எட்டக்காவுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கைதட்டாதவர்கள் இரண்டே பேர். சுருட்டை தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், பஞ்சு பின்னாலேயே போனான். எட்டக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு வரை ஓடினாள்.

"நில்லும்மா. என்னை நாலு வார்த்தை திட்டிட்டாவது போ."

சுருட்டை திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "அன்னைக்கு அவகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமாக்கா? 'உன் உசரத்துக்கு நீ ஆட வந்ததே தப்பு'ன்னேன். எங்கம்மா முன்னாடியே சொன்னேன். நீங்க உங்க தப்பைச் சொல்லிட்டீங்க. என் வார்த்தையை இப்ப யாரு அள்ளுறது?"

"நானும் வரேன். அவகிட்ட நானே என் வாயால சொல்றேன்."

"வேண்டாம்க்கா."

"கால்ல விழுந்து சொல்றேம்மா."

"அதான் வேண்டாங்குறேன்." சுருட்டையின் குரல் கனத்தது. "நீங்க வந்தா அழுவீங்க. உங்க கண்ணுல தண்ணியைப் பார்த்ததும் அவ உங்களைச் சமாதானப்படுத்த ஆரம்பிச்சிடுவா. 'பரவாயில்லக்கா'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவா. அவ அப்படித்தான். அவளுக்குக் கோபப்பட ஒரு நாளாவது வேண்டாமா?"

 இருவரும் டயர் கடையைத் தாண்டி, செருப்புக் கடை இருக்கிற பக்கம் திரும்பினார்கள். கூடவே ஓட வேண்டும் போல இருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு படியிலேயே நின்றாள். அந்தப் பிள்ளைகளுக்கு உதவி என்று எத்தனையோ செய்திருக்கிறாள். அதிலெல்லாம் கஷ்டமானது, கூடப் போகாமல் அங்கே நின்றதுதான்.