சில்லுக்குக் காத்துக் குறைவு

இளவரசிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று முடிவெடுத்தது சின்னமாமாதான். இளவரசி கேட்கவில்லை, கொம்யூன் என்கிற நகரசபைக்காரர் கேட்கவில்லை, எங்கள் வீட்டில்கூட ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் டெனிஸ் நகரமான சில்க்போர்க்கில் தமிழ் ஆக்களின் விழா எதுவென்றாலும் மேடைப் பொறுப்பு அம்மாவின் தம்பியான அவருக்குத்தான். அவருடைய காரின் பின்பெட்டியில் ஸ்பெயார் சில்லு இருக்குமோ தெரியாது, உறை பிரிக்காத பொன்னாடை ஒன்று எப்போதும் கிடக்கும். திடீரென்று யாராவது பெரிய மனிதர் எதிர்ப்பட்டுவிட்டால்?

தொடக்கம் என்னவோ கீழ்வீட்டில்தான். எங்கள் தொடர்மாடியில் எங்களுக்கு நேர்கீழே நீல்ஸ் இருந்தார். வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட, அம்மா ஒரு குட்டுக் குட்டி அவரை ‘நீல்ஸ் மாமா’ ஆக்கினார். மனைவியும் மகனும் ஓல்போர்க்குக்குப் பிரிந்து போய்விட்டதால் அவர் தனி. அப்பாவும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினியில் இருந்து கோப்பி குடிப்பார்கள். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. கதைக்காமல் இருப்பதற்கு ஒரு துணை வேண்டும்போலும்.

நீல்ஸ் மாமா டெனிஸ் இராணுவத்தோடு தூரதேசம் ஒன்றுக்குப் போய் வந்தவர். எனக்கு அப்போது எட்டு வயது. அங்கே என்ன செய்தீர்கள் என்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்டேன். டாங்கி, ஹெலிகொப்டர், குறைந்தது ஒரு குதிரையாவது வரும் என்று பார்த்தேன். ரோட்டில் தடை போட்டு, போய்வருகிற சனத்தை மறித்துச் சோதிப்பதுதான் வேலை என்றார். பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பது போலவா என்று கேட்டேன். அவர் கோப்பியைக் குடித்தார்.

அந்தச் செப்டெம்பரில், வெளிநாட்டுப் பணிக்குப் போய்வந்த படையினரை நினைவுகூரும் நாளுக்கு எங்கள் நகரச் சதுக்கத்துக்கு இளவரசி வருகிறார் என்று செய்தி வந்தது. நான் துள்ளாத இடம் இல்லை. நீல்ஸ் மாமாவுக்கோ அழைப்பே வந்திருந்தது, ஆனால் அவர் போவதாக இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்குப் பின்னால் அவரவர் குடும்பம் நிற்குமாம். “எனக்குப் பின்னால் காற்றுத்தான் நிற்கும்” என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே டெனிஸில் சொன்னார், தான் வந்து நிற்பதாக.

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “உங்களாலை ஏலுமே?” என்று தமிழில் கேட்டார். அப்பாவுக்கு இருந்த நாரிப்பிடிப்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கனநேரம் நிற்க வேண்டுமே.

பிறகு சின்னமாமா களத்தில் இறங்கினார். “அரச குடும்பம் வரேக்கை வெறுங்கையோடை போறதோ? உலகம் என்ன சொல்லும்?” ஒரு கிழமை ஒத்திகை. அம்மா இளவரசி, நான் பொன்னாடை, சின்னமாமா மேடை. இளவரசிக்குச் சிரிப்பு அடங்காததால் ஒத்திகை பலமுறை கெட்டது. “அக்கா, நீ கொஞ்சம் அரச குடும்பம் மாதிரி நில்லன்!” என்று அவர் கத்த, அடுப்பில் கறி அடிப்பிடித்தது.

விழா அன்று அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சின்னமாமா பொன்னாடையோடு காரில் முன்னால் போய்விட்டார். அப்பா, நீல்ஸ் மாமா, நான் மூன்று பேரும் சைக்கிளில் போனோம். நான் அப்பாவின் பின்கரியரில். சதுக்கத்துக்குத் திரும்பும் வளைவில் சீருடைக்காரர் சிலர் நின்று ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் அப்பா பிரேக் போட்டு இறங்கினார். என்னை வைத்தபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அவர்களைத் தாண்டி நடந்தார். பக்கத்தில் சைக்கிள் பாதை வெறுமையாகக் கிடந்தது.

“ஏனப்பா இறங்கினீங்கள்?”

“சில்லுக்குக் காத்துக் குறைவு.”

முன்னால் போய்விட்ட நீல்ஸ் மாமா நின்று திரும்பிப் பார்த்தார். அப்பா சில்லைக் காட்டி அதையே டெனிஸில் சொன்னார்.

சதுக்கத்தில் பாண்ட் வாத்தியம், சனத்தின் கையெல்லாம் கடதாசிக் கொடி, துப்பாக்கி ஏந்திய ஒரு வரிசை. நீல்ஸ் மாமா பழைய கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அப்பாவோ சைக்கிள் தரிப்பிடத்தோடு நின்றுவிட்டார். “நீ போம்மா, நான் பூட்டிப்போட்டு வாறன்” என்றார். ஒரு சைக்கிளைப் பூட்ட எவ்வளவு நேரம் வேண்டும்? மற்றவர்களுக்குப் பின்னால் மனைவி, பிள்ளை, நாய்கூட நின்றது. நீல்ஸ் மாமாவுக்குப் பின்னால் நானும், சின்னமாமா என் கையில் தந்துவிட்ட பொன்னாடையும். அவர் மெல்லத் திரும்பிப் பார்ப்பார், பிறகு நேரே பார்ப்பார்.

இளவரசி வந்தார். தலையில் கிரீடம் இல்லை! சாதாரண நீலக் கோட், தொப்பி. வீட்டில் அம்மா இதைவிட நன்றாக நடித்திருந்தார் என்று தோன்றியது. ஒவ்வொருவராகக் கை கொடுத்து, அவசரப்படாமல் கதைத்துக்கொண்டு வந்தார். நீல்ஸ் மாமாவிடம் வந்ததும், தூரத்தில் சின்னமாமா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் பாய்ந்தேன்.

இளவரசி குனிந்து, இது என்ன, யாருக்கு என்று கேட்டார். எங்கள் ஆக்கள் விழாவிலே பெரிய ஆளுக்குப் போர்த்துவது, அதனால் உங்களுக்கு என்றேன்.

“அப்படியென்றால் இன்றைக்குப் பெரிய ஆள் நான் இல்லையே” என்று இளவரசி நீல்ஸ் மாமாவைக் காட்டினார்.

ஒத்திகையில் இது இல்லை. நீல்ஸ் மாமா பனை உயரம். எனக்கு அவருடைய இடுப்புப்பட்டிதான் எட்டியது. அவரோ குனியவேண்டும் என்றுகூடத் தெரியாமல் மரம்போல நின்றார். பிள்ளையைத் தூக்க யாராவது இருக்கிறீர்களா என்று இளவரசி சுற்றிப் பார்த்தார்.

“அத்தான், ஓடி வாங்கோ! நான் வீடியோ எடுக்கிறன்!” சின்னமாமாவின் குரல் வாத்தியத்தையும் மீறிக் கேட்டது.

அப்பா ஓடவில்லை. நடந்தார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் அந்தத் துப்பாக்கி வரிசை. தொப்பியைக் கழற்றிக் கரியரில் வைத்தார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் விலக்கி, உள்ளங்கை தெரிய விரித்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வரிசையைக் கடந்து வந்தார். என்னைத் தூக்கத்தான் இப்போதே கையைத் தயார் பண்ணுகிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறைதான் அவரால் என்னைத் தூக்க முடிந்தது. நான் கனத்துப்போய்விட்டேன் என்று நினைத்து அன்றிரவு ஒரு புட்டுக் குறைவாகச் சாப்பிட்டேன்.

பொன்னாடை நீல்ஸ் மாமாவின் தோளில் ஏறியது. சனம் கை தட்டியது. இளவரசியும் தட்டினார். அப்பா என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. நீல்ஸ் மாமாவுக்குப் பின்னால், விழா முடியும் மட்டும், அசையாமல் நின்றார்.

யாழ்ப்பாணத்தில் ஆமியின் சென்றி, அதுதான் காவலரண், வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, கை தெரிய உருட்டிக்கொண்டுதான் கடக்க வேண்டும். இறங்க மறந்தவர்கள் சிலர் வீட்டுக்கு வரவில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் கிம்னேசியம் என்கிற மேல்வகுப்பை முடிக்கும் வருடத்தில்.

ஆனால் அன்றைக்கு எட்டு வயது. வீடு திரும்பும்போது அதே வளைவில் அதே சீருடைக்காரர். அப்பா மறுபடியும் இறங்கினார். இந்த முறை நீல்ஸ் மாமாவும் இறங்கினார். கழுத்தில் பொன்னாடை தொங்க, அப்பாவுக்கும் அவர்களுக்கும் நடுவாகத் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அப்பா அவரைப் பார்த்தார்.

“என்னுடையதிலும் காற்றுக் குறைவு” என்றார் நீல்ஸ் மாமா.

இரண்டு சைக்கிளையும் ஊர் பார்க்க உருட்டிக்கொண்டு போனது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னேரம் பம்பை எடுத்துக்கொண்டு கீழே ஓடி நாலு சில்லையும் அமர்த்திப் பார்த்தேன். நாலும் கல்லுப்போல இருந்தன. பெரிய ஆக்களுக்குச் சைக்கிளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று முடிவு கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் காற்று அடித்து வைத்தேன்.