மேட்டுக்கு ஓடிய ஓடை

பேய், முனி, காத்துக் கருப்பு எதையும் நம்பாதவன் நான். பாகூர் ஏரித் தண்ணீரை வயலுக்கு மடை திருப்பி விடுவது என் வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்பு.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். ஒரு வருஷம் மழை பொய்த்து ஏரி வறண்டு, மாட்டுக்குப் புல் இல்லை. இருந்த ஒரு ஜோடி எருதை ஓட்டிக்கொண்டு, எல்லை தாண்டி, நானும் என் மச்சான் கோவிந்தனும் கல்வராயன் மலை மேலே ஒரு சிற்றூரில் போய்த் தங்கினோம். அடேயப்பா, அது என்ன மலை! மழையில்லாமலே மரமெல்லாம் சொட்டும். மஞ்சு இலையில் படிந்து, பாசியில் ஊறி, புல்லடியில் கசிந்து ஓடையாகும். அந்தப் புல்லைத் தின்று எருதுகள் எலும்பு மறைந்து தேறின.

ஒருநாள் உச்சி வெயில் நேரத்தில் சின்ன எருது காணாமல் போய்விட்டது.

"மஞ்சு எறங்குது மாமா, அப்பால தேடலாம் வா" என்றான் கோவிந்தன். "போடா, மாடு இல்லாம போனா உங்கக்கா முகத்துல எப்படிடா முழிப்பேன்? புள்ளத்தாச்சிடா அவ" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

எருது கிடைத்தது, வழிதான் தொலைந்தது. நீட்டிய கை தெரியாத மஞ்சு. காலில் ஓடை தட்டுப்பட்டது. நம்ம ஊரில் வாய்க்காலைப் பிடித்துத் தண்ணீர் போகிற பக்கம் போனால் ஏதாவது ஊர் வந்துவிடும் இல்லையா, அதே புத்திதான். மிதந்து போன ஒரு சருகின் பின்னாலேயே எருதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேராக நாங்கள் தங்கியிருந்த குடிசை வாசலுக்கே வந்துவிட்டேன்.

அங்கே நின்ற மலைக்காரப் பெண், "எங்கேயிருந்து வர்றீங்க?" என்றாள்.

"ஓடையோடதான்மா, தண்ணி போற பக்கமா வந்தேன்."

"தண்ணி இங்கேயிருந்துல்ல அங்க போவுது! அந்தப் பக்கம் பாறை அறுந்து கெடக்குதே!" என்று பதறினாள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். குடிசைப் பக்கமிருந்து இறங்கி, நான் வந்ததற்கு நேர் எதிராகத்தான் ஓடியது ஓடை; அது போய் முடிகிற இடம் அதலபாதாளம். கீழே பாறையில் மாட்டு எலும்புகள், ஒரு கிழிந்த தலைப்பாகை. அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

என் மகள் தகப்பன் முகம் பார்த்துப் பிறந்தாள். அந்தத் தண்ணீருக்குத் தினமும் கும்பிடு போடுகிறேன். ஆனாலும் அந்தத் தலைப்பாகைக்காரனும் என்னைப் போலத்தானே அதை நம்பி நடந்திருப்பான்.